இருக்கிற வீட்டின் மேல் ஒரு மாடி: பெங்களூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லிங்கராஜபுரம், எஜிபுரா, ஸ்ரீராமபுரம், மர்பி டவுன் என்று நம் தமிழ் ஆட்கள் நெருக்கமாக வாழும் எந்தத் தெருவிலும் மொட்டை மாடி ஏறிப் பாருங்கள். நாலு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். சில வீட்டில் கம்பி முனையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். சில வீட்டில் துணிக்கொடி கட்டியிருப்பார்கள். மகன் கல்யாணத்துக்கு முன்னால் மேலே ஒரு வீடு எழுப்பணும், வாடகை வந்தால் வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்ற கணக்கு அந்தக் கம்பிகளில் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டு வைத்திருந்தார் அப்பா. லிங்கராஜபுரத்தில் 30க்கு 40 மனை, கீழ்த்தளம் மட்டும். மேலே கட்டலாம் என்று முடிவான அன்று ஒரு கான்ட்ராக்டர் வந்தார். தெருவில் நின்று வீட்டை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் ரெண்டு மாடி தாராளமா தாங்கும் சார், நம்ம கண்ணு தப்பாது" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் சிவில் படித்துச் சின்னச் சின்ன சைட்டுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஒரு குழி தோண்டிப் பார்த்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தக் குழியில் என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குப் பிறகு என்னிடம் யார் வந்து மாடி கட்டணும் என்றாலும் முதலில் கீழே தோண்டச் சொல்கிறேன். பிளான், டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: யாருக்காக, எதற்காக

இதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மேலே வரப்போவது மகன் குடும்பமா, வாடகைக்காரர்களா? வாடகைக்கு என்றால் படிக்கட்டு வெளியில் இருக்க வேண்டும், மின் மீட்டர் தனியாக வேண்டும், தண்ணீர் கணக்கும் பிரிய வேண்டும். சொந்தக் குடும்பம் என்றால் உள்படிக்கட்டு வசதி. ஆனால் அது கீழே ஒரு அறையை விழுங்கிவிடும். இன்றைக்கு மகனுக்கு, பத்து வருடம் கழித்து வாடகைக்கு என்று யோசிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் வெளிப்படிக்கட்டையே சொல்வேன்.

பக்கவாட்டில் ஒரு அறை சேர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நம் மனைகளில் பக்கவாட்டில் மிச்சமிருப்பது பெரும்பாலும் விதிப்படி விட வேண்டிய இடைவெளிதான். அதில் சுவர் எழுப்பினால் விதிமீறல். பக்கத்து வீட்டுக்காரரின் காற்றும் வெளிச்சமும் போகும், தீ பிடித்தால் ஓடும் வழியும் அடைபடும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பத்திரப் பெட்டியைத் திறங்கள்

காத்தா (சொத்து யார் பேரில் என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு), கிரயப் பத்திரம், சொத்து வரி ரசீது, பழைய பிளான் நான்கையும் எடுத்து வையுங்கள். பழைய பிளான் கிடைத்தால் அதிர்ஷ்டம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், தூண் எங்கெங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டினது பிளான்படிதானா என்பது வேறு கதை.

முறையான மனைக்குரிய ஏ-காத்தா இருந்தால் பிளான் அனுமதி, வங்கிக் கடன் இரண்டும் நேர்வழியில் போகும். முறைப்படாத மனைக்குரிய பி-காத்தா என்றால் முதலில் அதை முறைப்படுத்தும் வழியைப் பார்க்க வேண்டும். மேலே கட்டிவிட்டுப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இறங்காதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து சொத்துப் பதிவுக்கு இ-காத்தா (கணினிவழிக் காத்தா) கட்டாயமாகிவிட்டது, அதனால் அதையும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆபீசுக்கே நடந்து நாளை வீணாக்க வேண்டாம்.

எவ்வளவு கட்டலாம் என்பது மனையின் அளவையும் முன்னாலிருக்கும் ரோட்டின் அகலத்தையும் பொறுத்தது. 2015 மாஸ்டர் பிளான் கணக்கில் சின்ன மனைகளுக்குத் தளப்பரப்பு விகிதம் 1.75. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 2,100 சதுர அடி. கீழே ஏற்கெனவே 850 இருந்தால் மீதி 1,250. இதற்குப் பிறகு வந்த திருத்தங்களை உங்கள் இஞ்சினியர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. குடியேறும் சான்றிதழ் (பிளான்படி கட்டி முடிந்தது, குடியேறலாம் என்று கொடுப்பது) இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் இங்கே பல வீடுகள் கட்டி முடிந்தும் இணைப்பில்லாமல் நின்றன. 2025இல் கர்நாடக அரசு, 1,200 சதுர அடி வரையுள்ள மனைகளில் கீழ்த்தளமும் இரண்டு மாடியும், அல்லது ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்தும் தளம்) மூன்று மாடியும் கொண்ட வீடுகளுக்கு அந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு கொடுத்தது. விலக்கு சான்றிதழுக்கு மட்டும்தான். பிளான் அனுமதி வாங்காமல் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: குழி

இப்போது அந்தக் குழி. சுவரை ஒட்டி 3 அடிக்கு 3 அடி, அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை தோண்ட வேண்டும். வீட்டின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, குறைந்தது இரண்டு. ஒரே சுவரில் நீளமாகத் தோண்டவே கூடாது. இரண்டு குழியையும் ஒரே நாளில் திறந்து வைக்காதீர்கள். பார்த்து, அளந்து, போட்டோ எடுத்து, அன்றைக்கே மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு அடித்து மூடுங்கள். மழை நாளில் கைவைக்காதீர்கள்.

எங்கள் வீட்டின் முன்மூலையில் சைஸ் கல் (அளவாக உடைத்த கருங்கல்) அஸ்திவாரம் நாலடிக்குப் போயிருந்தது. அடியில் கெட்டியான செம்மண். கடப்பாறை போட்டால் 'ணங்' என்று திரும்பி வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. மறுநாள் பின்மூலை. இரண்டரை அடியிலேயே கல் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கறுப்பு மண், உடைந்த ஓடு, சாம்பல். கடப்பாறை தன் எடைக்கே உள்ளே இறங்கியது. தோண்டின ஆள் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார், ஒரு ரப்பர் செருப்பு வந்தது. எங்கள் வீட்டின் பின்பாதி, யாரோ ஒரு காலத்தில் குப்பை கொட்டி நிரப்பின பள்ளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. கீழ்த்தளம் மட்டும் என்பதால் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. அப்பா குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பெங்களூர் ஏரிகளின் ஊர். கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் நிற்பது தர்மாம்புதி ஏரியில். இப்படிப் பெயர் தெரிந்தவை போக, பெயர் தெரியாத குளம், குட்டை, ஓடைக்கால், கல்குவாரிப் பள்ளம் எத்தனையோ மனைகளாகிவிட்டன. உங்கள் தெருவில் ஐம்பது வருடமாக இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். "மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்குமா தாத்தா?" என்ற ஒரு கேள்விக்கு மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் வராத விவரமெல்லாம் வரும். அதற்காகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நிரப்பு மண் என்று சந்தேகம் வந்தால் அது கட்டாயம்.

அஸ்திவாரம் எதைத் தாங்கப் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே 600 சதுர அடி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 56 சதுர மீட்டர். 5 அங்குல ஸ்லாப் என்றால் 7 கன மீட்டர் கான்கிரீட், எடை 17 டன்னுக்கு மேல். சுவர் 40 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 6 அங்குல சாலிட் பிளாக் (கெட்டியான சிமெண்ட் கல்) என்றால் 18 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 2 டன் வீதம் 36 டன். அதே சுவரை ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல்) கட்டினால் ஏறக்குறைய 12 டன்தான். பூச்சு, டைல்ஸ், பீம், தூண், ஆட்கள், பீரோ, தண்ணீர் டேங்க் எல்லாம் இதற்கு மேலே. 1,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் அதுவே ஒரு டன். இந்த எடை முழுவதும் கடைசியில் வந்து உட்காருவது நீங்கள் தோண்டிப் பார்த்த அந்த மண்ணின் மேல்.

இரண்டு வகை வீடுகள் உண்டு. சுவரே எடையைத் தாங்கும் பழைய வீடு ஒன்று, தூணும் பீமும் தாங்கும் வீடு மற்றொன்று. சுவர் தாங்கும் வீட்டில் மேல்சுவர் கீழ்ச்சுவரின் மேலேயே வர வேண்டும், நினைத்த இடத்தில் அறையைப் பிரிக்க முடியாது. ஹாலைப் பெரிதாக்கணும் என்று கீழே நடுச்சுவரை எப்போதாவது எடுத்திருந்தால் அதை இஞ்சினியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மரச் சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த கூரைகளில், மாடி எழுப்பும் எண்ணமே வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு என்ன செய்தோம்? முன்பாதிக்கு மேலே மட்டும் அறைகள். பின்பக்கம் நிரப்பு மண்ணைத் தாண்டி கெட்டி மண்வரை போய் புதிதாக மூன்று பூட்டிங் (தூணின் அடிப்பீடம்), மூன்று தூண். பழைய பின்சுவரின் மேல் ஒரு கல்கூட ஏற்றவில்லை. நினைத்ததைவிடச் செலவு அதிகம், நினைத்ததைவிட இடம் குறைவு. ஆனால் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

நான்காம் படி: தூணும் கம்பியும் ஸ்லாப்பும்

விட்டு வைத்த கம்பியை அப்படியே நம்பாதீர்கள். வயர் பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்துவிட்டு, வெர்னியர் அளவுகோல் வைத்து நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். 12 எம்.எம். கம்பி 10.5 ஆகியிருந்தால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் தாங்கும் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். கம்பி காங்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் துரு அதிகம் தின்றிருக்கும், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் கொத்திப் பாருங்கள். அடுத்தது நீளம். புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட சைட்டில் கம்பி கனத்தைப்போல் 50 மடங்கு என்று வைத்துக்கொள்வார்கள், 12 எம்.எம். என்றால் 60 செ.மீ., சுமார் 2 அடி. அந்த நீளத்துக்கு நல்ல கம்பி இல்லை என்றால் தூணைக் கொத்தி நல்ல கம்பிவரை போக வேண்டும், அல்லது துளை போட்டு எபாக்ஸி (கம்பியை ஒட்டவைக்கும் பசை) ஊற்றிப் புதுக் கம்பி நட வேண்டும். எத்தனை ஆழம், எந்த மருந்து என்பதை இஞ்சினியர் எழுதிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி கைக்கணக்கு இதில் ஆகாது. வளைந்து கிடக்கும் பழைய கம்பியைச் சுத்தியால் அடித்து நிமிர்த்துவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி வளைத்த கம்பி ஒடியும்.

பழைய காங்கிரீட்டின் நிலையைத் தெரிந்துகொள்ள அடித்துப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், ஒலியலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் பரிசோதனை இரண்டும் உண்டு. சந்தேகமான இடத்தில் கோர் (உருளைத் துண்டு) வெட்டி எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று, விலையும் குறைவு. புதிதாகக் கொத்திய காங்கிரீட்டின் மேல் பினாஃப்தலின் கரைசலைத் தெளிப்பது. நல்ல காங்கிரீட் அந்த நொடியே பிங்க் நிறமாகும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்க் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாது. அந்த நிறமில்லாத பகுதி கம்பிவரை போயிருந்தால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

ஸ்லாப் விஷயத்தில் பலர் தவறவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் புழங்கு எடை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. வீட்டின் அறைகளுக்கு 200 கிலோ. நேற்றுவரை கூரையாக இருந்தது நாளை ஒருவர் வீட்டின் தரையாகப் போகிறது. அதற்கு மேல் நடுச்சுவர், டைல்ஸ் எல்லாம் ஏறும். ஆகவே பழைய ஸ்லாப்பையும் தரையாகக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பழைய சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை), செங்கல் துண்டு, தட்டோடு என்று 4 அங்குலத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் அதைப் பெயர்த்து எடுத்தாலே பல டன் எடை குறையும்.

ஐந்தாம் படி: பிளான் போடும்போது

இஞ்சினியர் பிளானைக் காட்டும்போது சமையலறை எந்த மூலை, வாசல் எந்தத் திசை என்று நாம் பார்ப்போம். வாஸ்து பார்க்கிறவர்கள் இங்கேயே பார்த்துவிடுங்கள். பாதி கட்டின சுவரை இடிப்பதில் பணமும் மனசும் சேர்ந்து நொறுங்கும். அதோடு இவற்றையும் பாருங்கள். பாத்ரூமுக்கு மேலே பாத்ரூம் வரட்டும். கீழே சாமி அறையோ சமையலறையோ இருந்து மேலே கழிப்பறை வந்தால், பைப் கூரை வழியாக இறங்கி வருடா வருடம் ஒழுகும், வீட்டில் பெரியவர்களுக்கு மன வருத்தம் வேறு.

மின்கம்பி. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குறுகலான தெருக்களில் 11 ஆயிரம் வோல்ட் லைன் முதல் மாடி உயரத்தில் வீட்டை ஒட்டிப் போகும். கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், கட்டடத்தின் உச்சிக்கு மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. பால்கனியை ரோட்டுப் பக்கம் நீட்டினால் அந்த 1.2 மீட்டர் இருக்காது. கட்டும்போது கம்பி தூக்குகிற தொழிலாளிக்கும், பிறகு துணி உலர்த்தும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. லைன் அருகில் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே மின் நிறுவனமான பெஸ்காமில் எழுதிக் கொடுத்து, உறை போட்ட கேபிளோ இடமாற்றமோ கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பை இப்போதே பிளானில் சேர்த்துவிடுங்கள். 30க்கு 40 மனையிலிருந்து புதுக் கட்டடங்களுக்கு 2009 முதலே அது கட்டாயம். கூரையிலிருந்து சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டி) ஒரு பைப்பும் வடிகட்டியும் சுவர் எழும்போதே போட்டால் சின்ன செலவுதான்.

ஆறாம் படி: பணமும் ஒப்பந்தமும்

இங்கே மேஸ்திரிமார் சதுரக் கணக்கில் பேசுவார்கள். ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. கன்னடக்காரரும் அதே கணக்கில் 'சதரா' என்பார். சதுரத்துக்கு இவ்வளவு என்று சொன்னதும் அதில் எது சேரும், எது சேராது என்று எழுதி வாங்குங்கள். படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், டேங்க் மேடை, ஜன்னலுக்கு மேல் வரும் சஜ்ஜா, பழைய தட்டோடு எடுப்பது, குப்பை அகற்றுவது, கீழ்வீட்டில் உடைந்ததைச் சரிசெய்வது ஆகியவைதான் பின்னால் சண்டையாகும். கூலி மட்டும் ஒப்பந்தமா, பொருளோடு சேர்த்தா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. தினமும் சைட்டில் நிற்க ஆள் இருந்தால் பொருளை நீங்களே வாங்கிக் கூலியை மட்டும் கொடுப்பது நல்லது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்காது. பொருளோடு கொடுத்தால் சிமெண்ட், கம்பியின் பிராண்ட், கம்பியின் தரம் எஃப்இ 500டி, மணல் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), பூச்சுக்கு அதிலேயே நைசான பி-சாண்ட் என்று ஒவ்வொன்றையும் பெயர் போட்டு எழுதுங்கள்.

ஸ்டிரக்சுரல் இஞ்சினியருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசிப் பெரிதாக மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மொத்தச் செலவில் அது சின்னத் துண்டு. பணத்தைக் கட்டம் கட்டமாகவே கொடுங்கள்: தூண் நின்றதும் ஒரு பங்கு, மோல்டிங் (கூரைக் காங்கிரீட்) முடிந்ததும் ஒரு பங்கு, சுவர், பூச்சு, பைப், வயரிங் என்று. கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பெய்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நேர்மையான மேஸ்திரி இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார். எதிர்பாராததற்கு மொத்தத்தில் 15 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டைத் தொட்டால் ஏதாவது ஒன்று கிளம்பும்.

ஏழாம் படி: எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் தொடங்க மாட்டோம். தை பிறந்ததும் தொடங்கினால் வெயிலில் வேலை ஓடும், ஜூன் மழைக்குள் கூரை மூடிவிடலாம். பெங்களூரில் மழை அதிகம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை. அந்த நேரத்தில் மாடி திறந்து கிடந்தால் கீழே குடியிருக்க முடியாது. 2024 அக்டோபர் மழையில் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் சரிந்து, அங்கேயே தங்கி வேலை செய்த தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. மழையில் நனைந்த மண்ணோடும் அனுமதிக்கு மேல் ஏற்றும் மாடியோடும் விளையாடக் கூடாது.

கோடையில் இன்னொரு சிக்கல் தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாட்டர் போர்டு அறிவித்தது. தண்ணீருக்கு என்ன வழி என்று வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். டேங்கர் தண்ணீர் என்றால் உப்புத்தன்மையைப் பரிசோதித்த பிறகுதான் காங்கிரீட்டில் ஊற்ற வேண்டும்.

எட்டாம் படி: கீழே குடும்பம், மேலே வேலை

பெரும்பாலானோருக்கு வேறு வீடு பார்த்துப் போக வசதி இருக்காது. தட்டோடு எடுக்கும் நாளிலிருந்து புதுக் கூரை வரும்வரை பழைய ஸ்லாப்புக்குக் குடையே இல்லை. திடீர் மழைக்குத் தார்பாய் தயாராக இருக்கட்டும். தூசியில் மூச்சுத் திணறும் பெரியவர்கள் இருந்தால் அந்த ஒரு மாதமாவது உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கையோடு அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை, அவர்களையும் கூட வைத்துக்கொண்டு, தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "அக்கா, நாளைக்கு நமக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாதுன்னுதான்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

சாமான் மாடியில் ஏற்றுவதைக் கவனியுங்கள். எம்-சாண்டை ஒரே இடத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,600 கிலோ உட்காரும். அந்த ஸ்லாப் தாங்கக் கணக்கிட்டது 150 கிலோ. பிளாக்கை ஸ்லாப்பின் நடுவில் அடுக்காமல் பீமின் மேல், சுவரின் மேல், கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: மோல்டிங்

தமிழ்நாட்டில் கூரை போடுறது என்பதை நாம் இங்கே மோல்டிங் என்கிறோம். அதற்கு முந்தின நாள் கீழ்வீட்டு ஹாலில் முட்டுக் கம்பம் நட வேண்டும் என்று சொன்னால் வீட்டார் திகைப்பார்கள். காரணம் இது. புது ஸ்லாப்பின் ஈரக் காங்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அது இறுகும்வரை அச்சுப் பலகையைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டுகள் வழியாக அந்த எடை முழுவதும் பழைய ஸ்லாப்பின் மேல்தான் இறங்கும். ஆகவே பழைய ஸ்லாப்புக்கு அடியிலும், மேல்முட்டுக்கு நேர் கீழே, முட்டு வேண்டும். டிவியை ஓரமாக்கி, சோபாவை வெளியே போட்டு, இரண்டு வாரம் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நடமாடத்தான் வேண்டும். இதைச் செய்யாததால் நன்றாக இருந்த கீழ்க்கூரையில் விரிசல் விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

காங்கிரீட் போடும் முன் கம்பி கட்டினதை இஞ்சினியர் வந்து பார்க்க வேண்டும். ஸ்லாப்பில் கம்பிக்கு அடியில் 20 எம்.எம்., தூணில் 40 எம்.எம். கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனம், இருக்கிறதா என்று பாருங்கள். ஜல்லிக் கல்லைச் செருகிச் சமாளிக்க விடாதீர்கள், கவர் பிளாக் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

நம் தெருக்களுக்குள் ரெடிமிக்ஸ் லாரி நுழையாத இடங்களே அதிகம், மிக்சர் மெஷின்தான் வரும். எம்20 தரக் காங்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 27 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. மதியத்துக்கு மேல் ஆட்கள் களைத்ததும், கலவை சுலபமாக ஓடட்டும் என்று இன்னொரு பக்கெட் ஊற்றுவார்கள். அப்போது யாராவது ஒருவர் மிக்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடும் மோரும் நேரத்துக்குக் கொடுங்கள். 600 சதுர அடிக்குச் சுமார் 56 மூட்டை போகும். தலைச்சுமையாக மாடி ஏற்றுகிற மனிதர்கள் அவர்கள். மூன்று கியூபாவது (சோதனைக்கான காங்கிரீட் கட்டி) எடுத்து வைத்து 28ஆம் நாள் சோதிக்கக் கொடுங்கள்.

மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், வெயிலில் 14 நாள். ஸ்லாப்பின் முட்டுகளை 4.5 மீட்டர் இடைவெளிவரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 14இலிருந்து 21 நாள் கழித்தே எடுக்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறது. அது ஓபிசி (கலப்பில்லாத சாதாரண) சிமெண்ட்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும் சொன்னது. பிபிசி போட்டாலோ, டிசம்பர், ஜனவரியின் பெங்களூர் குளிரில் போட்டாலோ இன்னும் சில நாள் விட்டுவையுங்கள். சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டும் என்று அவசரப்படுத்துவார். அதிகப்படி நாளுக்கான வாடகையைக் கொடுத்தாவது நிறுத்திவையுங்கள்.

கடைசியில்

பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்து, கீழே போய்க் கூரையைப் பாருங்கள். பெஸ்காமில் கூடுதல் லோடு வாங்குங்கள். பழைய வயரிலேயே மேலேயும் கீசர் ஓட்டாதீர்கள். புதுப் பரப்பைச் சொத்து வரியில் நீங்களே சேர்த்துக் கட்டிவிடுங்கள், பின்னால் அளந்து கண்டுபிடித்தால் அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். அஸ்திவாரக் குழியின் போட்டோ, கம்பி கட்டின போட்டோ, பைப் போன வழி, இஞ்சினியரின் வரைபடம் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் அதைத் தேடுவார்கள்.

மொட்டை மாடியில் கம்பி விடலாமா என்று கடைசி நாளில் மேஸ்திரி கேட்பார். மேலே இன்னொரு மாடிக்கு அஸ்திவாரத்தில் இடமில்லை என்றால் விடவே வேண்டாம், வெட்டி மூடச் சொல்லுங்கள். இடம் உண்டென்றால் கம்பிக்கு சிமெண்ட் பால் பூசி, சுற்றி லேசான காங்கிரீட் போட்டு மூடிவைக்கட்டும். வேண்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம், கம்பி உள்ளே புதிதாகவே இருக்கும்.